யாருக்காக இந்தப் பலகை?

பட்டிமன்றத் தலைப்பு: தமிழ்நாட்டு வாகனங்களின் எண் பலகையை மாற்றி அமைக்க வேண்டும்! – வேண்டியதில்லை!
இடம்: குன்றத்தூர்
‘வேண்டியதில்லை’ அணி – மூன்றாவது பேச்சு

நடுவர்: “பலகையில் தமிழ் ஏறணும், கோபுரம் ஏறணும், குறள் ஏறணும்”னு அந்த அணித் தம்பி இடி இடிச்ச மாதிரி பேசிட்டு உட்கார்ந்திருக்கார். கைதட்டல் அடங்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. இப்ப இந்த அணியிலிருந்து அம்மா வர்றாங்க. பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் நடத்துறவங்க. எனக்கு இந்த வயசுலயும் கணக்கு டீச்சர்னா பயம்! (சிரிப்பு) வாங்கம்மா, எதிரணிக் கணக்கைத் தீர்த்துட்டுப் போங்க!

மாண்பமை நடுவர் ஐயா அவர்களே! இருபுறமும் வீற்றிருக்கும் சொற்பொழிவாளர் பெருமக்களே! சேக்கிழார் பெருமான் பிறந்த இந்தக் குன்றத்தூர் மண்ணிலே, ‘கீழே என்ன இத்தனை கூட்டம்’ என்று மலைமேல் இருக்கிற முருகனே எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! ஷிஃப்ட் முடிஞ்சு, யூனிஃபாரத்தைக் கூட மாத்தாம வந்து நிற்கிற தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். (கைதட்டல்)

ஐயா, எதிரணித் தம்பி பேசினபோது நானும் கை தட்டினேன். தமிழ்னு சொன்னா தட்டாம இருக்க முடியுமா? ஆனா கை தட்டி முடிச்சதும் ஒரு கேள்வி வந்துச்சு. இத்தனை பேர் பேசினாங்களே, பலகையில என்ன எழுதணும்னு சொன்னாங்க, என்ன நிறம்னு சொன்னாங்க, என்ன சின்னம்னு சொன்னாங்க. அந்தப் பலகையை யார் படிக்கிறாங்கன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?

வண்டி வாங்குறவர் நம்பருக்குப் படுற பாட்டைப் பாருங்க. கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது. எட்டு வந்தா வண்டி தட்டுமாம்! ஒன்பது வந்தா ராசியாம். அதுக்குத் தனியா பணம் கட்டி நம்பர் வாங்குவாங்க. இன்னொரு தம்பி 8055 வாங்குவார். ஏன்யான்னா, அதை வளைச்சு எழுதினா இங்கிலீஷ்ல ‘பாஸ்’னு வருமாம். வீட்டுல அந்தப் பையனுக்கு ஒரு வேளை காப்பி போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது, ரோட்டுல அவன் பாஸ்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: என் வண்டி கூட்டுத்தொகை எட்டுதாம்மா. இருபது வருஷமா ஒரு கீறல் கிடையாது!

ஐயா, அது வண்டியோட ராசி இல்லை. நீங்க மெதுவா ஓட்டுற ராசி! (சிரிப்பு, கைதட்டல்)

இவ்வளவு ஆசைப்பட்டு வாங்குறாரே, வண்டி ஓட்டும்போது சொந்தக்காரர் அந்தப் பலகையைப் பார்க்க முடியுமா? அவர் உட்கார்ந்தா பலகை அவருக்கு முன்னாலயும் பின்னாலயும் வெளியே பார்த்துக்கிட்டுத் தொங்குது. அவர் பெயர் அவருக்குத் தெரியும். அது அடுத்தவங்களுக்காக மாட்டினது. ரோட்டு ஓரத்துல நிற்கிற, முன்பின் தெரியாத ஒரு ஆள், ரெண்டு நொடியில படிக்கிறதுக்காக மாட்டினது. என் கட்சி அவ்வளவுதான். அந்த ஆள் படிக்கிறதுக்கு உதவுற மாற்றமா? கொண்டு வாங்க, நானே வந்து ஸ்க்ரூ முடுக்குறேன். உதவாத மாற்றமா? வேண்டவே வேண்டாம்! (கைதட்டல்)

இந்தக் குன்றத்தூர்ல நின்னு இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்மைச் சுத்தி இருக்கிறது வண்டி பிறக்கிற பூமி. இருங்காட்டுக்கோட்டையில 1998-ல ஹூண்டாய் கார் வெளியே வந்தது. ஒரகடத்துல 2010-ல ரெனோ – நிஸான் ஆலை, 2012-ல பாரத்பென்ஸ் லாரி, 2013-ல என்ஃபீல்டு புல்லட். இங்கே பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் பெயர் வைக்காமலேயே டிரெய்லர்ல ஏறி ஊரை விட்டுப் போகுது. டெல்லிக்குப் போனா டெல்லியில பெயர். மதுரைக்குப் போனா மதுரையில பெயர். நம்ம ஊர்லயே தங்குற பிள்ளைக்கு டி.என். 85. ஸ்ரீபெரும்புதூர்ல தங்கினா 87. காஞ்சிபுரம்னா 21.

அந்தப் பிள்ளைகள் ஓடுற ரோட்டுலதான் நம்ம பெத்த பிள்ளைகளும் நடக்குதுங்க. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில, சிங்கப்பெருமாள் கோவில் சாலையில ராத்திரி ஷிஃப்ட் விடுற நேரம் நின்னு பாருங்க. ஒரு பக்கம் கம்பெனி பஸ், ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ, நடுவுல டிப்பர் லாரி, அதுக்கு நடுவுல சைக்கிள். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுற பையன், ‘நான் வந்துட்டேம்மா’ன்னு போன்ல சொல்லிக்கிட்டே தாண்டுறான்.

ஒரு புள்ளிவிவரம் சொல்றேன். 2022-ஆம் வருஷம் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அதுல 30,486 பேர், இடிச்சுட்டு நிற்காம ஓடின வண்டியால செத்தவங்க. கிட்டத்தட்ட ஐந்துல ஒருத்தர்! இடிச்சவன் யாருன்னே தெரியாம ஒரு உயிர் போறதுன்னா அது என்ன சாவு ஐயா? (அமைதி)

நான் கணக்கு டீச்சர். அதனால அழுகையோட சேர்த்துக் கணக்கும் போடுறேன். 24 வயசுப் பையன். கல்யாணம் ஆகலை. ஒப்பந்தத் தொழிலாளி. மாசம் 18,000 ரூபாய் சம்பளம். அவனை ஒரு வண்டி அடிச்சுட்டுப் போயிடுது.

வண்டி எதுன்னு தெரியலைன்னா அவங்க அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? 2022 ஏப்ரல் 1-லிருந்து அமலில் இருக்கிற திட்டப்படி இரண்டு லட்சம் ரூபாய். அதுக்கு முன்னால வெறும் 25,000! இப்ப ரெண்டு லட்சம். சரி.

வண்டி எதுன்னு தெரிஞ்சா? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்து, வழக்கும் நிரூபணமானா, 2009-ல சரளா வர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு வாய்ப்பாடே போட்டுக் கொடுத்திருக்கு. வருஷத்துக்கு 2,16,000 ரூபாய். கல்யாணம் ஆகாதவன், அதனால பாதியை அவன் சொந்தச் செலவுன்னு கழிச்சுடுவாங்க. மிச்சம் 1,08,000. அந்த வயசுக்குப் பெருக்க வேண்டிய எண் 18. பெருக்குங்க... தம்பி, செல்போனை எடுக்காதே, மனசுல பெருக்கு! (சிரிப்பு) பத்தொன்பது லட்சத்து நாற்பத்து நாலாயிரம்! எதிர்காலத்துல உயர்ந்திருக்கக் கூடிய சம்பளத்தையும் சேர்த்தா இன்னும் கூடும். நான் அதைச் சேர்க்கலை.

பத்தொன்பது லட்சத்து நாற்பத்து நாலாயிரத்துல ரெண்டு லட்சம் போனா பதினேழு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். இந்த வித்தியாசம் எங்கே இருக்கு? டி, என், எட்டு, அஞ்சு, ரெண்டு எழுத்து, நாலு எண். மொத்தம் பத்து. ஓடுற வண்டியின் முதுகுல இருக்கிற அந்தப் பத்தும் ஒருத்தர் கண்ணுல விழுந்ததா இல்லையாங்கிறதுலதான் இருக்கு! ஒரு எழுத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம்! பையன் வரமாட்டான். ஆனா வயசான காலத்துல அந்த அம்மா யார் வாசல்லயும் கையேந்தாம இருப்பாளா மாட்டாளாங்கிறதை அந்தப் பலகைதான் சொல்லுது. அதுல போய்க் கோபுரம் வரையலாமா, கொடி வரையலாமான்னு நாம பட்டிமன்றம் நடத்துறோம்! (நீண்ட கைதட்டல்)

நடுவர்: நான் வெறும் தகரம்னு நினைச்சுட்டிருந்தேன். ஒரு தாயோட தாலிக்கயிறு மாதிரி ஆக்கிட்டீங்களேம்மா... பேசுங்க.

ஐயா, இப்ப அளவுக்கு வர்றேன். மோட்டார் வாகன விதிகள் 1989-ல வந்தது. அதுல எழுத்து எவ்வளவு உயரம்னு மில்லிமீட்டர் கணக்கில் இருக்கு. கார், லாரிக்கு 65 மில்லிமீட்டர். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால எழுத்து 35, எண் 40. பைக் பலகையே 200-க்கு 100 மில்லிமீட்டர்தான். பத்து வயசுப் பையனோட பென்சில் டப்பா அளவு! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி, ஒரு நொடியில பதினாறு, பதினேழு மீட்டர் தாண்டிடும். நீங்க ‘ஐயோ’ன்னு சொல்லித் திரும்புறதுக்குள்ள முப்பது மீட்டர் போயாச்சு. அந்தப் பென்சில் டப்பாவுல மேல தமிழ், கீழ இங்கிலீஷ், ஓரத்துல கோபுரம், அடியில குறள்! எழுத்தெல்லாம் பாதியாச் சுருங்கிடாதா? குறள் ரெண்டு அடிதான், ஒத்துக்கிறேன். ஆனா அதைப் படிக்க வண்டிக்குப் பின்னாலயே ரெண்டு கிலோமீட்டர் ஓடணுமே! (பலத்த சிரிப்பு)

நம்ம பலகையில ‘ஐ’ங்கிற ஆங்கில எழுத்தும் ‘ஓ’ங்கிற எழுத்தும் வராது, கவனிச்சிருக்கீங்களா? நாளைக்கு ரோட்டுல தேடிப் பாருங்க. ஏன் விட்டாங்க? ‘ஐ’ ஒண்ணு மாதிரி இருக்கும், ‘ஓ’ சைபர் மாதிரி இருக்கும். படிக்கிறவன் குழம்பிடுவான்னு ரெண்டு எழுத்தையே வேண்டாம்னு விட்டிருக்காங்க. எதிரணியில புலவர் ஐயா தமிழ் எண்களே வேணும்னு கேட்டார். ஐயா, தமிழ் எண்ல ஒண்ணு பார்த்தா ‘க’ மாதிரி. ரெண்டு ‘உ’ மாதிரி. ஏழு ‘எ’ மாதிரி. எட்டு ‘அ’ மாதிரி. தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் ஒரே பலகையில இருந்தா, ‘அ’ன்னு எழுதினது எழுத்தா, எட்டா? போலீஸ்காரர் கேட்டா சாட்சி சொல்வார்: “உகஎஅன்னு போட்டிருந்துச்சுங்க.” “என்னய்யா, இருமுறியா?” (அரங்கம் அதிரும் சிரிப்பு)

புலவர் ஐயா கோவிச்சுக்கக் கூடாது. அந்த எண்கள் நம்ம சொத்து. வகுப்புல நானே சொல்லித் தர்றேன். ஆனா உயிர் போற அவசரத்துல படிக்க வேண்டிய இடத்துல அதைக் கொண்டு போய் வைக்காதீங்கன்னு கெஞ்சுறேன்.

எதிரணித் தலைவி அக்கா கேட்டதுதான் உண்மையான கேள்வி. “இங்கிலீஷ் தெரியாத ஒரு பாட்டி, இட்லிக் கடை போட்டிருக்கா. அவ கண் முன்னால விபத்து நடக்குது. தமிழ்ல இருந்தா படிப்பா இல்ல?”ன்னு கேட்டாங்க. நியாயம். அக்கா கேட்டதுலேயே கனமான கேள்வி இது. பதில் சொல்றேன்.

பலகையில பத்து இடம். அதுல ஆறு எண்கள். இந்த எண்ணை அந்தப் பாட்டி படிப்பாளா? பஸ் நம்பர் பார்த்து ஏறுறா, ரூபாய் நோட்டை எண்ணி வாங்குறா, ரேஷன் கார்டு நம்பர் சொல்றா. நல்லாவே படிப்பா! மிச்சம் நாலு எழுத்து. அதுல முதல் ரெண்டு டி.என்.; நம்ம ஊர் வண்டின்னா அது எல்லாருக்கும் பழகின கோலம். ஆக பாட்டிக்குத் தெரியாதது ரெண்டே ரெண்டு எழுத்து. ஆறு எண்ணும், லாரியா காரா, என்ன நிறம்னும் அவ சொன்னா, போலீஸ்காரருக்கு மிச்சத்தைத் தேட வழி இருக்கு. அந்த ரெண்டு எழுத்துக்காகப் பத்தையும் பாதியாச் சுருக்கினா, கண்ணு மங்கின அந்தப் பாட்டி ஆறையும் சேர்த்து இழந்துடுவாளே அக்கா! (கைதட்டல்) அவளுக்கு எழுத்து சின்னதாக வேண்டாம், பெருசாகட்டும்!

இன்னொண்ணு. இந்த ரோட்டுல படிக்கிறவர் எல்லாரும் தமிழரும் இல்லை, ஓடுற வண்டி எல்லாம் டி.என்.னும் இல்லை. கார் ஏத்துற டிரெய்லரைப் பாருங்க. ஹரியானா, ராஜஸ்தான், நாகாலாந்துன்னு வரிசையா நிற்கும். நாம தமிழ்ல எழுதினா, பஞ்சாப்காரர் குர்முகியில எழுதுவார், ஒடிசாக்காரர் ஒடியாவில எழுதுவார். அந்த வண்டி இங்கே ஒருத்தரை அடிச்சுட்டுப் போனா நாம எப்படிப் படிக்கிறது? நம்ம நாமக்கல் லாரி நாக்பூர்ல திருடு போனா, அங்கே இருக்கிற கான்ஸ்டபிள் எப்படித் தேடுறது? பக்கத்துலயே பீகார்த் தம்பிங்க, அசாம்த் தம்பிங்க நிற்கிறாங்க. நம்ம பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது கடைசியா நம்பரைப் பார்த்தவன் அவனாக் கூட இருக்கலாம். அவன் சாட்சி நமக்கு வேண்டாமா? (கைதட்டல்)

“தெலுங்கானா மாத்தலையா?”ன்னு தம்பி கேட்டார். மாத்தினாங்க. 2014-ல மாநிலம் பிறந்தபோது டி.எஸ்.; ஆட்சி மாறினப்புறம் 2024-ல டி.ஜி. பழைய வண்டி டி.எஸ்.ஸாவே ஓடுது, புது வண்டி டி.ஜி. ஒரே ஊர்ல, ஒரே வீட்டுல, அப்பா வண்டி டி.எஸ்., மகன் வண்டி டி.ஜி.! ஒரிசா ஒடிசா ஆனதும் ஓ.ஆர். போய் ஓ.டி. வந்தது. நாமும்தான் மெட்ராஸ் ராஜ்யமா இருந்தப்ப எம்.எஸ்.னு ஓட்டினோம். பெயர் மாறினா எழுத்து மாறும், அது நியாயம். பெயரே மாறாதபோது, ஆட்சிக்கு ஒரு பலகைன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு வண்டியைப் பார்த்தே எந்த முதலமைச்சர் காலத்துல வாங்கினதுன்னு சொல்லிடலாம்! (சிரிப்பு)

மாற்றமே வேண்டாம்னு நான் சொல்லலை. 2018-ல மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை வந்தது. தீப்பிடிச்சு எரியுற வண்டிக்கு ஓடி வர்ற தீயணைப்பு வீரருக்கு, உள்ளே இருக்கிறது டேங்க் இல்லை பேட்டரின்னு தூரத்துலயே தெரியும். சொந்தக் காருக்கு வெள்ளை, வாடகை வண்டிக்கு மஞ்சள். ஏறப்போற பொண்ணுக்கு அது டாக்ஸியா, யாரோ ஒருத்தன் காரான்னு தெரியுது. தற்காலிகப் பதிவுக்கு மஞ்சள்ல சிவப்பு எழுத்து. இதெல்லாம் படிக்கிறவருக்குத் தகவல் தர்ற மாற்றம். கோபுரமும் வாசகமும் என்ன தகவல் தருது?

அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல பலகையிலேயே ஒரு வாசகம் போட்டாங்க. சுதந்திரமா வாழ், இல்லையேல் சாவுங்கிற மாதிரி. மேனார்டுங்கிறவர், ‘இது என் மனசாட்சிக்கு ஒவ்வாது’ன்னு அதை மறைச்சு ஓட்டினார். அபராதம் போட்டாங்க. பதினஞ்சு நாள் ஜெயில்ல வச்சாங்க. சுதந்திரமா வாழ்ங்கிற வரியை மறைச்சதுக்கு ஜெயில்! (சிரிப்பு) வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1977-ல அவர் பக்கம் தீர்ப்பாச்சு. பலகையில எண்ணைத் தவிர எதை எழுதினாலும், அதை ஒத்துக்காத ஒருத்தன் இருப்பான்.

இதை வெளிநாட்டுக் கதைன்னு சிரிச்சுட்டுப் போகலாம். நம்ம சொந்த ரத்தத்துக்கு நடந்ததைச் சொல்லட்டுமா? இலங்கை. 1956-ல சிங்களம் மட்டும் சட்டம். 1957 ஜனவரியிலிருந்து புது வண்டிப் பலகையில ஆங்கில எழுத்துக்குப் பதிலா சிங்கள ‘ஸ்ரீ’. தமிழர்கள் அந்த எழுத்து மேல தார் பூசினாங்க. 1958-ல அந்த ‘ஸ்ரீ’யோட அரசாங்க பஸ்கள் வடக்கே வந்தபோது போராட்டம் மூண்டது. அங்கே சிங்கள எழுத்து மேல தார்னா, தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகை மேல தார். அந்த ஏப்ரல்ல பண்டா – செல்வா ஒப்பந்தத்தைக் கிழிச்சாங்க. மே மாசம் கலவரம். தமிழர் வீடு எரிஞ்சது, உயிர் போனது. அந்த ஒரு எழுத்துதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். காரணம் பல. ஆனா ஒரு பலகையின் வடிவத்தை மாத்தினது அந்த நெருப்புக்கு ஒரு கொள்ளி ஆச்சு.

தம்பி எழுந்திரிக்கிறார். “அது திணிப்பு, இது உரிமை”ன்னு சொல்லப் போறார். உட்காருங்க தம்பி, அதை நானே ஒத்துக்கிறேன். ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா நான் சொல்ற பாடம் இதுதான்: பலகை கொடியா மாறின நாள்லேருந்து யாரும் அதுல எண்ணைப் பார்க்கிறது இல்லை, எழுத்தைத்தான் பார்ப்பாங்க. அந்தத் தார் வாசனை தெரிஞ்ச இனம் நாம. நம்ம ரோட்டுல அந்த வாசனை வேண்டாம். (கைதட்டல்)

(முதல் மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சாச்சு. சீக்கிரம் வர்றேன் ஐயா.

புது வடிவம் புது வடிவம்னு கேட்கிறாங்களே, வந்தாச்சே! 2019 ஏப்ரல் 1-லிருந்து தயாராகிற வண்டிக்கெல்லாம் உயர் பாதுகாப்புப் பலகை. அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹோலோகிராம், நீலத்துல ஐ.என்.டி., லேசர்ல பத்து இலக்க எண், ஒரு தடவை மாட்டினா உடைச்சாத்தான் கழட்ட முடியும்கிற பூட்டு. கர்நாடகாவுல பழைய வண்டிக்கும் இதை மாட்டணும்னு 2023 நவம்பர் 17-ஐக் கடைசி நாளா வச்சாங்க. அது ‘கடைசி நாள்’ இல்லை, ‘முதல் கடைசி நாள்’! (சிரிப்பு) அதுக்கப்புறம் தள்ளித் தள்ளிப் போச்சு. கோடிக்கணக்கான வண்டிக்குத் தகடு மாத்துறது தோசை திருப்புற மாதிரியா? அந்தச் செலவு கூலிக்காரன் மொபெட்டுக்கும் சேர்த்துத்தானே?

மாத்த வேண்டியது பலகையை இல்லை. நம்ம கையை! ஆயுத பூஜை அன்னிக்கு வண்டிக்குச் சந்தனம் வைக்கிறோம். எங்கே வைக்கிறோம்? சரியா நம்பர் மேல! மூணு எட்டாகுது, ஒண்ணு ஏழாகுது. கார்த்திகை வரைக்கும் அந்தச் சந்தனம் காய்ஞ்சு கிடக்கும். (சிரிப்பு) திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம், மிளகாய்... தொங்குறது நம்பருக்கு முன்னால. கண்ணு படக் கூடாதுதான். அதுக்காகப் போலீஸ் கண்ணும் படக் கூடாதா? (பலத்த சிரிப்பு)

நாலு சக்கரத்துல சேறு, அஞ்சாவது சேறு பலகையில. லாரிக்குப் பின்னால பம்பர் மறைக்குது, டிப்பருக்குச் சங்கிலி மறைக்குது. ராத்திரி பின்பக்கப் பலகைக்கு வெள்ளை விளக்கு எரியணும், பதினஞ்சு மீட்டர் தூரத்துலேருந்து படிக்க முடியணும்னு விதி இருக்கு. எத்தனை வண்டியில எரியுது? அப்புறம் ஸ்டிக்கர்! போலீஸ், பிரஸ், வக்கீல். மச்சான் போலீஸா இருந்தா இவர் வண்டியில போலீஸ்! 2024 மே மாசம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இந்த ஸ்டிக்கர்களைப் பிடிக்க ஆரம்பிச்சது. நல்ல காரியம். பலகையைச் சரியா மாட்டலைன்னா முதல் தடவை 500 ரூபாய்னு சட்டம் இருக்கு. இருக்கிற சட்டத்தை ஒழுங்கா நடத்துங்க, புது டிசைன் தானா வந்துடும்! (கைதட்டல்)

“அப்ப தமிழ் வேண்டாமா?”ன்னு கேட்பீங்க. வேணும். எங்கே வேணும்னு சொல்றேன். மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா கையில ஒரு இன்சூரன்ஸ் காகிதம் இருக்கும். பொடி எழுத்துல பக்கம் பக்கமா ஆங்கிலம். எங்கே கையெழுத்து வாங்குறாங்க, எதுக்கு வாங்குறாங்க, கமிஷன் எவ்வளவு, ஒண்ணும் புரியாது. காட்டின இடத்துல கைநாட்டு வைப்பா. அந்தக் காகிதத்துல தமிழ் வேணும்! ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல தமிழ் வேணும்! பத்தொன்பது லட்சம் உனக்கு உரிமைம்மான்னு அவளுக்குப் புரியுற தமிழ்ல ஒருத்தர் எடுத்துச் சொல்லணும்! நான் தமிழைப் பம்பர்லேருந்து இறக்கலை ஐயா, அந்தத் தாய் கையில ஏத்தச் சொல்றேன்! (நீண்ட கைதட்டல்)

(இரண்டாம் மணி)

நடுவர்: முடிச்சுக்குங்கம்மா. மணி ரெண்டாவது தடவை அடிச்சாச்சு.

மணின்னதும்தான் ஞாபகம் வருது ஐயா! இந்த ஊர்ப் பெருமகன் சேக்கிழார் பெரிய புராணத்துல ஒரு மணியைப் பத்திப் பாடியிருக்கார். திருவாரூர் வீதியில இளவரசன் தேர் ஓட்டிப் போறான். ஒரு கன்றுக்குட்டி சக்கரத்துல சிக்கி உயிரை விடுது. தாய்ப்பசு அரண்மனை வாசல் மணியைக் கொம்பால அடிக்குது. மனுநீதிச் சோழன் ஓடி வர்றான். என்ன நடந்ததுன்னு கேட்கிறான். அமைச்சர் உண்மையைச் சொல்றார். ஓட்டினது உங்க பிள்ளைன்னு. ராஜா தன் பிள்ளை மேலேயே தேரை ஓட்டத் துணியுறான். கடைசியில இறைவன் அருளால எல்லா உயிரும் திரும்பி வந்தது.

அந்தப் பசுவுக்கு நீதி எப்படிக் கிடைச்சது? ராஜா நல்லவன். அது மட்டும் போதுமா? தேர் யாருடையதுன்னு தெரிஞ்சது ஐயா! தெரிஞ்சதனால கிடைச்சது. இன்னிக்கு அந்தப் பசு ஒரகடத்துலேருந்து நடந்து வந்து மணி அடிச்சா, எவ்வளவு நல்ல ராஜாவா இருந்தாலும் முதல்ல என்ன கேட்பான்? “வண்டி நம்பர் என்ன?” (அரங்கம் அதிரும் கைதட்டல்)

அந்தப் பசு அதுக்குப் பதில் சொல்லணும் ஐயா. அதுக்குப் பலகை பெருசா இருக்கணும், சுத்தமா இருக்கணும், ராத்திரியில விளக்கு எரியணும், எந்த ஊர்க்காரன் பார்த்தாலும் புரியணும். கோபுரம் கோயில்ல இருக்கட்டும். குறள் மனசுல இருக்கட்டும். பலகையில எண் மட்டும் இருக்கட்டும்! எனவே, தமிழ்நாட்டு வாகனங்களின் எண் பலகையை மாற்றி அமைக்க வேண்டியதில்லை, இருப்பதைத் துடைத்து நேராக மாட்டினாலே போதும் என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொண்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்!

(நீண்ட கைதட்டல்)

நடுவர்: தீர்ப்பைக் கடைசியில சொல்றேன். ஆனா வாசல்ல என் காரு நிற்குது... டிரைவர் தம்பி, போய் அந்தச் சந்தனத்தை மட்டும் துடைச்சுட்டு வந்துடுப்பா! (பலத்த சிரிப்பு)